அமைதி நாடுவார்க்கு ஏற்ற ஹெட்போன்

நூலகத்திலும் விடுதி அறையிலும் இருந்து பாடங் கேட்பதற்கும் இசை கேட்பதற்கும் ஹெட்போன் என்னும் கருவி இக்காலத்து மாணவர்க்கு ஏடும் எழுதுகோலும் போல இன்றியமையாததாய்விட்டது. ஆயினும், அதனை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் விளம்பரத்திற் காணும் பெரிய எழுத்துக்களை நம்பியே வாங்குகின்றனர். ஈராண்டுகளாக நம் விடுதித் தோழர்களின் கருவிகளை அணிந்தும், அவர்தம் மகிழ்ச்சியையும் முறையீட்டையும் கேட்டும் யாம் அறிந்தவற்றைக் குறைந்த பொருள் கொண்டு நிறைந்த பயன் பெற விழையும் நண்பர்களுக்காக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். இக்கருவிக்குத் தமிழ்ப் பெயர் இட்டோர் பலர். இட்ட பெயர்களும் பல. அவற்றுள் ஒன்றைச் சொல்லிக் கடையிற் கேட்டால் கடைக்காரர் நம்மை வியந்து நோக்குவாரேயன்றிப் பொருளை எடுத்துத் தாரார். செய்யுளிலேயே திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்தவர் தொல்காப்பியர். உரைநடையில் யாம் ஒரு சொல்லுக்கு இடங்கொடுத்தல் குற்றமாகாதென்று எண்ணி, ஹெட்போன் என்றே வழங்குகின்றோம். தமிழ்ப் பேராசிரியர் பொறுத்தருள்வாராக.

ஹெட்போனின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்ச்சியால் ஒலி காதுப் பக்கத்தில் மட்டுமன்றிச் சவ்வின் முதுகுப் பக்கத்திலும் பிறக்கின்றது. இப்பின்னொலியை என்செய்வது என்பதிலேதான் இருவகைக் கருவிகளும் வேறுபடுகின்றன. கிண்ணத்தின் புறத்தே துளையிட்டு அவ்வொலியை வெளியே போகவிடுவது திறந்த வகை. ஜெர்மனியின் ஸென்ஹைசர் நிறுவனத்தார் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.டி. 414 இவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. கிண்ணத்தின் புறத்தை முழுதும் அடைத்து ஒலியை உள்ளேயே அடக்குவது மூடிய வகை. திறந்த வகையிற் கேட்கும் இசை, அகன்ற கூடத்தில் அமர்ந்து கேட்பது போன்றிருக்கும். மூடிய வகையிலோ, குடத்துள் வாய்வைத்துப் பேசினாற்போல ஒலி சற்று முழங்குதலும் உண்டு. ஆதலின் இசையிற் பழகிய செவியினர் பலர் முன்னதையே புகழ்வர். தனியறை உடையார்க்கு அது தகும். மூவரும் நால்வரும் ஓரறையிற் படுக்கும் விடுதிக்கு அது தகாது. நாம் கேட்கும் பாட்டை நால்வரும் கேட்க நேரும்.

இவ்வளவும் கடைக்காரரே சொல்லிவிடுவர். அவர் சொல்லாதது ஒன்றுண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது. ஹெட்போனைப் பற்றிய பேச்செல்லாம் பேருந்தையும் இரயிலையும் விமானத்தையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. ஆங்கெல்லாம் புறத்து இரைச்சலே பகை. அதனைத் தடுப்பதே கருவியின் முதற்கடன். அமைதியான இடத்திலோ நிலைமை தலைகீழாக மாறிவிடுகின்றது. அங்கே தடுக்கவேண்டிய இரைச்சல் வெளியில் இல்லை. நம் காதருகே நாமே உண்டாக்குவதுதான் இரைச்சல். ஆதலின் பேருந்துக்கு வாங்குவானும் நூலகத்துக்கு வாங்குவானும் ஒரே பொருளை வாங்குதல் பொருந்தாது. பின்னவனுக்குச் செலவு குறைவு என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

இதனைச் சற்று விளக்குவாம். இந்நாளில் மிகுதியும் விளம்பரம் பெறுவது இரைச்சல் நீக்கும் வசதியாகும். கருவியிற் பதித்த சிறு மைக் புறத்து ஒலியைக் கேட்க, அவ்வொலியலைக்கு நேர்மாறான அலையொன்றைக் கருவி பிறப்பிக்க, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. வங்காளத்தினின்று அமெரிக்கா சென்று குடியேறிய ஒருவரின் மகனாகிய அமர் போஸ் என்பார், 1978-ஆம் ஆண்டில் ஜூரிக் நகரிலிருந்து திரும்பும் விமானத்தில், இயந்திர இரைச்சலால் பாட்டுக் கேட்க இயலாது வருந்தி, அவ்விமானத்திலேயே இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினாரென்பர். அவர்தம் நிறுவனம் விமானிகளுக்கென இத்தகைய கருவியை 1989-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. பிறந்த இடம் விமானம். ஆதலால் அதன் திறமையும் விமானத்துக்கு உரியதே. இடைவிடாது முழங்கும் தாழ்ந்த ஓசையை அது நன்கு விழுங்கும். பக்கத்து மேசையினர் கிசுகிசுப்பதையும் நாற்காலி கிறீச்சிடுவதையும் அவ்வளவாக விழுங்காது. மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்கும், அம்மட்டே. எம் தோழர் ஒருவர் ஒரு மாத உணவுக் கட்டணத்துக்கு மேற்பட்ட பொருள் கொடுத்து அத்தகைய கருவி ஒன்று வாங்கினார். அதன் தலைப்பட்டை நெரித்தமையால் அரைமணிக்கு மேல் அணிய அவரால் இயலவில்லை. இப்போது அது அவரது பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழ் இளைப்பாறுகின்றது.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்விநிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்து 100 மீட்டருக்குக் குறையாத பரப்பு அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். பகலில் 50 டெசிபெல், இரவு 10 மணிக்குமேல் 40 டெசிபெல் என்பது அதற்கு வகுத்த எல்லை. வாயிலிற் செல்லும் பேருந்துகள் இவ்விதியைப் படித்தனவாகத் தெரியவில்லை. எனினும் நூலகத்தின் உள்ளறையும் நள்ளிரவில் விடுதியும் இவ்வெல்லைக்கு அணித்தாகவே இருக்கும். இருவர் எதிரெதிர் அமர்ந்து உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல். இத்தகைய இடத்தில் அவ்வளவு மெல்லிய ஒலியே எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்பிக்கப் போதும். பாதிவேலையை இடமே செய்து முடித்துவிட்டது. கருவிக்கு எஞ்சியது மறுபாதியே.

அம்மறுபாதிதான் யாது? நம் ஒலியை நம் காதளவில் நிறுத்துதலும், மணிக்கணக்காக அணிந்தாலும் தலையையும் செவியையும் வருத்தாதிருத்தலும் ஆகும். கையிலுள்ள பொருளை இவ்விரண்டிற்கே செலவிடவேண்டும்.

முன்னதனை முதலிற் பார்ப்போம். மூடிய வகையென்று அட்டையில் அச்சிட்டிருந்தால் மட்டும் ஒலி கசியாதென்று எண்ணவேண்டா. கசிவு பெரும்பாலும் கிண்ணத்தின் முதுகில் நிகழ்வதன்று. காதைச் சூழ்ந்து கன்னத்திற் படியும் குஷனின் விளிம்பில் நிகழ்வது. அங்கே ஒரு மயிரிழை இடைவெளி உண்டாயினும், உள்ளிருக்கும் தாழ்ந்த ஓசை முதலிற் கெட்டுவிடும். வீணையின் மந்தரமும் மிருதங்கத்தின் தொப்பியும் மெலிந்துவிடும். கேட்பவர் கருவியைக் குறைகூறி ஒலியைக் கூட்டுவர். கூட்டக் கூட்ட அண்டை வீட்டாருக்கும் பங்கு கிடைக்கும். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு இத்தொல்லை மிகுதி. கண்ணாடியின் காதுக்கம்பி குஷனைத் தூக்கி ஒரு வாயில் அமைத்துவிடுகின்றது. தடித்து மெத்தென்றிருக்கும் குஷன் அக்கம்பியைத் தன்னுள் அமிழ்த்திக்கொள்ளும். மெல்லிய விறைத்த குஷன் அமிழ்த்தாது. கதவு இருபுறமும் அடைப்பதாகலின், புறவொலியை நன்கு தடுக்கும் கருவியே அகவொலியையும் நன்கு அடக்குமென்று ஒருவாறு கொள்ளலாம்.

கடையிலேயே இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓடவிட்டு, இரு கிண்ணங்களையும் முகத்தோடு முகம் பொருந்தக் கையால் அழுத்திப் பிடித்துக் கேட்க. அப்போதும் பாட்டின் சொற்கள் விளங்குமாயின், அக்கருவி நூலகத்துக்கு ஆகாது. இதனினும் நம்பத்தக்க சோதனை, நண்பர் ஒருவரை அணியச்செய்து நாம் அடுத்த நாற்காலியில் அமர்ந்து கேட்பதே. இச்சோதனையை மின்விசிறி சுழலும்போது செய்தல் பயனற்றது. விசிறியின் இரைச்சல் எத்துணைக் கசிவையும் மறைத்துவிடும். மின்சாரம் நின்று விசிறியும் ஓய்ந்த நள்ளிரவில்தான் எவர் கருவி எத்தகையதென்பது விடுதி முழுதும் வெளிப்படுகின்றது. (பேச்சும் கசியும் என்பதை ஈண்டே சொல்லிவிடுவோம். காதை அடைத்தவர் தம் குரலின் அளவறியாது உரக்கப் பேசுவர். இரைச்சலிடையே குரல் தானே உயர்தலை 1911-ஆம் ஆண்டில் எடுத்துரைத்த பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்டின் பெயரால் அதனை வழங்குகின்றனர். பக்கத்திலிருப்பவர் நம் தோளைத் தொட்டால், கருவியைக் கழற்றிவிட்டு விடையிறுத்தல் நலம்.)

நிற்க. இனி வசதியைப் பற்றிக் கூறுவாம். அமெரிக்காவின் யூட்டா நாட்டுப்புறத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பார் 1910-ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையிலிருந்தே ஹெட்போன்களைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். செவிக்கு அவை மிக நன்றாயிருந்தன. தலைக்கோ நன்றாயில்லை என்று கடற்படையினர் முறையிட்டனர். அவரும் தோலுறையிட்ட இரு கம்பிகளால் நீட்டவும் குறுக்கவும் தகும் தலைப்பட்டை ஒன்றை அமைத்தார். அதற்கு உரிமைப்பத்திரம் பெறுமாறு சிலர் கூற, இஃது ஓர் அற்பப்பொருள் என்று அவர் மறுத்துவிட்டனராம். நூறாண்டுக்கு மேலாயிற்று, தலைப்பட்டை அற்பம் என்னும் அவ்வெண்ணம் இன்னும் நீங்கவில்லை. விளம்பரத்தில் ஒலியைப் பற்றிப் பத்து வரி இருந்தால் பட்டையைப் பற்றி அரைவரி இருத்தல் அரிது. ஆனால் இரண்டாம் மணிநேரத்தில் நாம் கருவியைக் கழற்றி எறிவது ஒலியின் குறையாலன்று, பட்டையின் குறையாலேயே.

காதின்மேல் அமர்வது, காதைச் சூழ்ந்து அமர்வது என இதிலும் இருவகை உண்டு. சோனி நிறுவனத்தாரின் எம்.டி.ஆர்.-இஸட்.எக்ஸ். 110 முன்னதற்குச் சான்று. அது மூடிய வகையே. எடை ஏறத்தாழ 120 கிராம். விலையும் மிகச் சிறிது. ஒருமணி நேரப் பாடத்துக்கு அது போதும். அதற்குமேல் செவிமடல் நசுங்கி நோகும். கம்மலும் ஜிமிக்கியும் அணிந்த சகோதரியர்க்கு அரைமணியே மிகை. காதைச் சூழும் வகையில் இவ்விடர் இல்லை, கிண்ணம் போதிய ஆழமுடையதாயின். ஆழம் குறைந்தால் செவிமடலின் நுனி உள்ளிருக்கும் தகட்டில் உரசும். உரசுவது முதற் பத்து நிமிடம் தெரியாது. விரலை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து பார்த்தே வாங்கவேண்டும். பின்னலும் பூவும் உடையார் பட்டையைச் சற்று முன்னே தள்ளி அணிய நேர்வதால், அந்நிலையிலும் கிண்ணம் காதிற் பொருந்துகின்றதா என்று நோக்குதல் வேண்டும்.

எடையைமட்டும் கொண்டு வசதியை அளத்தலும் கூடாது. ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தாரின் ஏ.டி.எச்.-எம். 20 எக்ஸ், கம்பி நீங்கலாக ஏறத்தாழ 190 கிராம். அவ்வரிசையில் உயர்ந்த எம். 50 எக்ஸ் ஏறத்தாழ 285 கிராம். ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனத்தாரின் டி.டி. 770 ப்ரோ ஏறத்தாழ 270 கிராம். எடையில் மிக்கதாயினும், வெல்வெட்டை ஒத்த துணிக்குஷனும் மெத்தையிட்ட பட்டையும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால், இறுதியிற் சொன்னது நெடுநேரம் அணிய மிக இனியதென்று பலரும் கூறுவர். ஸென்ஹைசரின் எச்.டி. 280 ப்ரோ, 32 டெசிபெல் வரை புறவொலியைக் குறைக்குமென்று அதனைச் செய்தோரே கூறுகின்றனர். கசிவை அடக்குவதில் அது சிறந்ததே; ஆனால் அச்சிறப்பைத் தலையை இறுகப் பிடித்தே பெறுகின்றது. பெருந்தலையர்க்கு அது பொருந்தாது. புதிய கருவியின் பிடி இறுக்கமாயிருப்பின், தலையின் அகலத்திற்குச் சற்று மேற்பட்ட புத்தக அடுக்கின்மேல் சில இரவுகள் மாட்டி வைத்தால் தளரும். பட்டையினுள் எஃகுத் தகடு உடையவற்றிற்கே இது தகும். முழுதும் பிளாஸ்டிக்காலான பட்டை பிளந்துவிடும். பொருள் சுருங்கிய மாணவர்க்கு மேற்கூறியவற்றுள் யாது என்று எம்மைக் கேட்பின், எம். 20 எக்ஸ் என்போம். அதன் கம்பி 3 மீட்டர் நீளமாய் மேசையின்கீழ்க் காலைச் சுற்றுவது ஒரு தொல்லைதான். மடித்துக் கட்டி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

நம் நாட்டு வெயிலை அயல்நாட்டார் எழுதும் நூல்கள் கணக்கிற் கொள்வதில்லை. மூடிய கிண்ணத்துள் செவி வியர்க்கும். சித்திரை வைகாசியில் அது சொல்லுந்தரத்ததன்று. துணிக்குஷன் குளிர்ச்சி தருவது. ஆனால் ஒலியைச் சிறிது கசியவிடும். செயற்கைத் தோற்குஷன் ஒலியை அடைக்கும், வியர்க்கவும் செய்யும். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு: அத்தோலின்மேற் பூசிய பாலியூரித்தேன் என்னும் பொருள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்லச் சிதைந்து, சில ஆண்டுகளிற் கருஞ்செதில்களாய் உதிர்ந்து காதிலும் கன்னத்திலும் ஒட்டும். கடற்கரை ஊர்களில் இது விரைந்து நிகழும். ஆதலின் குஷன் தனியே விற்கப்படும் கருவியையே வாங்குக. குஷன் கிடையாத கருவி, செருப்பின் வார் அறுந்ததும் செருப்பையே எறியவேண்டியதை ஒக்கும்.

ஒலியின் தரத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மலிவான மூடிய கருவிகள் பலவற்றில் தாழ்ந்த ஓசையை வேண்டுமென்றே பருக்கச் செய்திருப்பர். சந்தைக்கடையில் அது கவர்ச்சி. பாடங்கேட்கும் செவிக்கு அது பகை. பேச்சின் வலிமை பெரிதும் தாழ்ந்த ஓசையில் இருப்பினும், மெய்யெழுத்துக்களின் வேறுபாடு மிகுதியும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையிலேயே உள்ளது. கீழோசை பருத்தால் மேலோசை மறையும். தமிழ் மாணவர்க்கு இதனைச் சோதிக்க வேறு கருவி வேண்டா. வலி, வளி, வழி என்னும் மூன்றையும், அரம், அறம் என்னும் இரண்டையும் தெளிந்த நாவினர் ஒருவரைச் சொல்லச்செய்து செல்போனிற் பதிந்துகொள்க. வரிசையை மாற்றி மாற்றிப் பதிதல் இன்றியமையாதது. அப்பதிவை மெல்லிய ஒலியில் ஓடவிட்டுக் கேட்க. லகர ளகர ழகரங்கள் மயங்காமற் கேட்குமாயின் அக்கருவி பாடத்துக்கு ஆம். ஆயிரக்கணக்கிற் பொருள் கொடுத்தும் வளியும் வழியும் ஒன்றாய்க் கேட்குமாயின் அதனை வைத்துவிட்டு வருக.

இச்சோதனை விளையாட்டன்று என்பதை எம் வகுப்பில் உடன் பயிலும் கண்பார்வை இல்லாத நண்பர்களிடம் அறிந்தோம். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் ஆஸ்திரேலியர் இருவர், தாமும் பார்வையற்றவர், 2006-ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கி இலவசமாக வழங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான், கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிப் படிக்கின்றது, தமிழையும் படிக்கும். நாம் ஒரு பக்கத்தைக் கண்ணோட்டத்தில் புரட்டிவிடுகிறோம். அவர் அதனைச் செவியாலேயே புரட்டவேண்டும். பழகியவர் அக்குரலை நாம் ஒரு சொல்லும் பற்றமுடியாத விரைவில் ஓடவிட்டுக் கேட்கின்றனர். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அவர்க்கு ஹெட்போனே புத்தகம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் நெரிக்கும் பட்டையால் நூறு பக்கம் குறைந்தால் அஃது அவர்க்கு மதிப்பெண்ணில் விழும் அடி. இவர்க்குப் பருத்த கீழோசை வேண்டா. தெளிந்த பேச்சும் வருத்தாத குஷனுமே வேண்டும். யாம் இதுகாறும் கூறியதற்கு ஒரு விலக்கும் இவர்பாலே உண்டு. சூழ நிகழ்வதைச் செவியாலேயே அறிபவராதலின் இரு காதையும் அடைத்துக்கொள்ள இவர் பலர் விரும்புவதில்லை. ஒரு கிண்ணத்தைப் பின்னே தள்ளி ஒருகாதால் மட்டும் கேட்பர். அவர்க்கென வாங்குவோர் கிண்ணம் திரும்பும் அமைப்புடையதா என்று பார்த்து வாங்குக. நம் கல்லூரி நூலகத்தில் பொதுப்பயனுக்கென நல்ல கருவிகள் இரண்டு மூன்றும், மாற்றுக் குஷன்களும் வாங்கி வைத்தால், அதற்காகும் செலவு ஓர் ஆண்டுவிழாப் பந்தலின் செலவிற் சிறுபகுதியும் ஆகாது.

செவியின் நலமும் இங்கே கருதத்தக்கது. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோடு சேர்ந்து வகுத்த அளவின்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபெல் ஏறுந்தோறும் ஒலியின் ஆற்றல் இருமடங்காதலின் காலம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணியே. பேருந்தில் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவோர் இவ்வெல்லையைச் சில நாட்களிற் கடந்துவிடுகின்றனர். அமைதியான இடத்தில் நன்கு பொருந்தும் கருவியோடு கேட்பார் கடக்க நேர்வதில்லை.

கம்பியா, ப்ளூடூத்தா என்பதில் எமது கருத்துக் கம்பியின் பக்கமே. ஒரே விலைக்குக் கம்பியுடையதில் பொருள் குஷனுக்கும் ஒலிக்கும் செல்கின்றது. மற்றதில் மின்கலத்துக்கும் செல்கின்றது. அம்மின்கலமோ சில ஆண்டுகளில் முதுமை எய்தும், மாற்றுதல் எளிதன்று. ஆப்பிள் நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டில் தம் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை நீக்கியபின் பிறரும் பலர் நீக்கிவிட்டமையால், புதிய செல்போன் உடையார் சிறு இணைப்பான் ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்மறுப்பு என்பதை ஓம் என்னும் அலகால் அட்டையிற் குறித்திருப்பர். எம். 20 எக்ஸ் 47 ஓம், எச்.டி. 280 ப்ரோ 64 ஓம். இவை செல்போனுக்கு ஏற்கும். டி.டி. 770 ப்ரோவிலோ 250 ஓம் உடையதும் விற்பனைக்கு உண்டு. அது செல்போனில் ஈனக்குரலில் முனகும். மலிவாகக் கிடைத்ததென்று அதனை வாங்கிவிடவேண்டா.

வாங்கிய பொருளைத் திருப்பித்தர எத்தனை நாள் தவணை என்று முன்னரே கேட்டுக்கொள்க. அத்தவணைக்குள் ஒருநாள், இடையிற் கழற்றாமல் இரண்டு மணிநேரம் அணிந்து வழக்கமான படிப்பைப் படிக்க. உச்சந்தலையிலோ, தாடையின் பொருத்திலோ, கண்ணாடிக்கம்பியின் கீழோ நோவு தோன்றுமாயின் மறுநாட் காலையே கடைக்குச் செல்க. தோன்றாதாயின் அட்டைப்பெட்டியைக் கிழித்தெறியலாம். மிஞ்சிய பொருளுக்கு மாற்றுக் குஷன் ஓரிணை அப்போதே வாங்கி வைக்க, மறுபடி வேண்டும் நாளில் அது கடையில் இல்லாதிருக்கலாம்.